650 சொற்களில் ஓர் ஆள்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவாக உள்ள விண்ணப்பத்தில், மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரைக்கு 650 சொல் வரை இடம் உண்டு. பிரிட்டனுக்குப் போகும் விண்ணப்பத்தில் இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்து. கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டு இன்று பன்னாட்டுப் பள்ளியாக நடந்துவரும் பள்ளியைப் போன்ற இடங்களில், மேல்வகுப்பு மாணவருக்கு இந்த அளவுகள் மனப்பாடம். ஒரு மணி நேரத்தில் இயற்பியல் தேர்வை எழுதி முடிக்கிற பிள்ளை, இந்த ஒரு பக்கத்துக்கு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதும் அங்கே புதிதில்லை. இயற்பியலில் படித்ததைத்தான் எழுத வேண்டும்; இதற்குப் படிக்கவே தேவையில்லை, பொருள் கூடவே பிறந்தது. அப்படியிருந்தும் பேனா ஓடுவதில்லை. ஏன் என்று கேட்டால் கூச்சம் என்பார்கள். கூச்சம் காரணங்களில் ஒன்றுதான், அதுவும் சின்னக் காரணம்.

தன்னைப் பற்றிய தன் கணக்கு தப்பும் என்பது முதன்முதலில் எண்ணாகவே பிடிபட்ட இடம் வானாய்வுக்கூடம். 18ஆம் நூற்றாண்டில், விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் நடுக்கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கண்ணும் காதும் சேர்ந்து குறித்தன. கடிகாரம் நொடிக்கு ஒருமுறை தட்டும். பார்ப்பவர் தட்டல்களை எண்ணிக்கொண்டே, மீன் கம்பியைத் தொட்டது இரண்டு தட்டல்களுக்கு நடுவே எத்தனையாவது பத்தில் ஒரு பங்கில் என்று மதிப்பிட்டு எழுதுவார். கிரீனிச் கூடத்தின் தலைவர் நெவில் மாஸ்கலின், தம் உதவியாளர் டேவிட் கின்னபுரூக் குறிக்கும் நேரம் தம்முடையதைவிட 0.8 நொடி பிந்தி விழுவதைக் கண்டார். உதவியாளர் பழைய முறையைவிட்டுத் தம் போக்கில் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, 1796இல் அவரை வேலையைவிட்டு அனுப்பினார். இரண்டு பேருக்கு நடுவே வேறுபாடு இருந்தால் பிழை உதவியாளருடையது என்பது அந்தக் காலத்து நியாயம். எந்தக் காலத்து நியாயமும்தான்.

கால் நூற்றாண்டு கழித்து, கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெசல் அந்தப் பழைய செய்தியை வேறு விதமாகப் பார்த்தார். கைதேர்ந்த வானியலாளர்களும் தாமும் ஒரே மீன்களைப் பார்த்து, இருவர் குறித்த நேரங்களையும் ஒப்பிட்டார். பழகிய, பொறுப்பான கண்களுக்கிடையிலேயே ஒரு நொடிக்கும் மேல் வேறுபாடு வந்தது. அதற்கு ‘ஆள்சார் சமன்பாடு’ என்று பெயர் விழுந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘என் பிழை இவ்வளவு’ என்று பெசலால் சொல்ல முடியவில்லை; ‘எனக்கும் அவருக்கும் இடையே இவ்வளவு’ என்றுதான் சொல்ல முடிந்தது. தனியே உட்கார்ந்து ஆயிரம் மீன் பார்த்தாலும் ஒருவருக்குத் தம் தாமதம் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

சூரியப் புள்ளிகளை எண்ணுவதிலும் இதே கதை. சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப் 1848இல் வகுத்த சூத்திரத்தில், புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கை, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கை இவற்றோடு ‘கே’ என்று ஒரு பெருக்கெண் வரும். பார்ப்பவரின் கண், அவர் கையில் உள்ள கருவி, அவர் ஊர் வானம் எல்லாவற்றுக்கும் சேர்த்த திருத்தம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு கே. வோல்ஃப் தமக்கு 1 என்று வைத்துக்கொண்டார். எங்கேயாவது தொடங்க வேண்டும் என்பதால் அவர் செய்ததில் தவறில்லை. தன்னைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் அறியாமலே செய்வதும் இதுதான்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தின் பணி 1899இல் பழனி மலைக்கு ஏறிவந்தது. கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே உள்ள கொடைக்கானல் கூடத்தில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் சேர்ந்துவருகின்றன. அவற்றோடு, தாளில் விழும் சூரிய உருவத்தின் மேல் கையால் வரைந்த படங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை ஒரே ஆள் வரைந்தவை அல்ல, தலைமுறைகள் மாறியிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு தாளிலும் இரண்டு செய்திகள் பதிந்திருக்கின்றன: அன்றைய சூரியன் ஒன்று, அன்று பென்சில் பிடித்தவர் இன்னொன்று. இரண்டாவது செய்தியை அவர் எழுத நினைக்கவே இல்லை. அடுத்தவர் தாளோடு வைத்துப் பார்க்கும்போது மட்டும் அது கண்ணுக்குப் படும்.

கண்ணுக்குத் தன் தாமதம் தெரியாதது போல மனத்துக்குத் தன் வேலை தெரிவதில்லை. இதைக் கடைத்தெருவிலேயே காட்டினார்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1977இல் வெளியான அவர்களின் ஆய்வில், நான்கு ஜோடி நைலான் காலுறைகளை மேசைமேல் வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாங்க வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றே. ஆனால் இடக்கோடியில் இருந்ததைவிட வலக்கோடியில் இருந்ததை ஏறத்தாழ நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை, நேர்த்தி என்று காரணங்கள் வந்தன. வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டாலும் மறுத்தார்கள். சிலர், கேட்டவருக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தார்களாம். கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரே சாக்லேட்டை நான்கு தட்டில் வைத்துக் கேட்டாலும், ‘இதில் கோகோ கொஞ்சம் தூக்கல்’ என்று சொல்ல ஆள் கிடைப்பார்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை இதையும் தாண்டியது. இரண்டு முகப் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். பிறகு கைவித்தையால் படத்தை மாற்றி, வேண்டாம் என்று விட்ட முகத்தைக் கையில் கொடுத்து, இதை ஏன் தேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலான முறை மாற்றம் கவனிக்கப்படவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கு நல்ல, நம்பும்படியான காரணங்களை அவர்கள் அடுக்கினார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. மனம் முதலில் முடிவெடுக்கிறது. ஏன் எடுத்தோம் என்ற கதையைப் பிறகு கையில் கிடைத்ததை வைத்துக் கட்டுகிறது. எந்தக் கதை நம்பத் தகுந்தது என்பதை அந்த ஊர், அந்தக் காலம், அந்த வகுப்பறை முன்பே சொல்லிக்கொடுத்திருக்கும்.

இதை அந்த 650 சொல் கட்டுரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘மருத்துவம் படிக்க ஏன் ஆசை’ என்ற கேள்விக்குப் பாட்டி நோயில் படுத்த கதை எழுதப்படுகிறது. பாட்டி படுத்தது உண்மை, பேரப்பிள்ளை அழுததும் உண்மை. அதனால்தான் மருத்துவ ஆசை வந்ததா என்பதற்கு எழுதியவரே சாட்சி இல்லை.

அப்படியானால் தன்னைப் பற்றி ஒருவர் எழுதுவதெல்லாம் வீணா? அதுவும் இல்லை. எது உள்ளிருந்து தெரியும், எது வெளியிலிருந்து தெரியும் என்று பிரித்துப் பார்த்தவர் உளவியலாளர் சிமீன் வசீர். 2010இல் வந்த அவருடைய ஆய்வில், ஒருவரைப் பற்றி அவரும் அவருடைய நண்பர்களும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். பிறகு அந்த ஆளின் நடத்தையும் திறனும் சோதனைக்கூடத்தில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டன. பதற்றம் போல உள்ளே நடப்பதை அவரவரே சரியாகச் சொன்னார்கள். எவ்வளவு பேசுவார் என்பது போல வெளியே தெரிவதில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். ஆனால் அறிவுக்கூர்மை, படைப்புத்திறன் போல ‘நல்லது, கெட்டது’ என்ற எடை ஏறிய குணங்களில் நண்பர்கள் சொன்னதே உண்மைக்கு அருகில் இருந்தது. இதில் ஒரு கோணல் இருக்கிறது. விண்ணப்பங்கள் மாணவரிடம் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான். அவருக்கு நன்றாகத் தெரிந்த முதல் வகையை, தேர்வு மண்டபத்தில் கை நடுங்குவதை, யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் எழுதமாட்டார்.

அடுத்த சிக்கல் சொற்களில் இருக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குண விளக்கத்தைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. உங்களிடம் பயன்படாத திறமை நிறைய இருக்கிறது, வெளியே உறுதி, உள்ளே கவலை என்பது போன்ற வரிகள் யாருக்குத்தான் பொருந்தாது? கிளி எடுக்கும் சீட்டும் அப்படித்தான் பொருந்துகிறது.

அதே 1948இல் கிளாட் ஷானன் தகவலுக்கு ஓர் அளவுகோல் தந்தார். எதிர்பார்த்த செய்தியில் தகவல் குறைவு, எதிர்பாராததில் மிகுதி. கட்டாயம் வந்தே தீரும் என்று முன்கூட்டியே தெரிந்த செய்தியில் தகவல் சுழியம். இரண்டையும் சேர்த்தால் ஒரு பொறி புலப்படும்: எந்த வரி எழுதியவருக்கு ‘ஆமாம், இது நான்தான்’ என்ற நிறைவைத் தருகிறதோ, அதுவே படிப்பவருக்கு எதையும் சொல்லாத வரியாக இருக்கக்கூடும். ‘கடின உழைப்பாளி, கூட்டாகப் பணியாற்றக் கூடியவர், புதியன கற்பதில் ஆர்வமுள்ளவர்’ என்பது எழுதியவரைப் பொறுத்தவரை உண்மை. மேசையில் இருக்கும் மற்ற விண்ணப்பங்களைப் பொறுத்தவரையும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை மணமேடைப் பக்கங்களில் ‘நற்குணமுள்ள’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் எந்த மாப்பிள்ளையும் மாறிப்போவதில்லை.

தாவரவியலாளர்கள் இந்தப் பொறியில் விழுவதில்லை. கே. எம். மேத்யூ என்ற இயேசு சபைத் துறவி 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரத் தொகுதி போன்ற நூல்களில், ஒரு செடியை இனங்காண உதவும் திறவுகோல் எப்போதும் பிரிந்து செல்லும் கேள்விகளாகவே அமைகிறது: இலை எதிரெதிரா, மாறி மாறியா, காம்பு உண்டா, இல்லையா. ‘அழகிய பச்சைச் செடி’ என்பதற்கு அதில் இடமில்லை. மலைப்பூண்டுக்குக்கூட இந்தக் கட்டாயம் வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கிற எந்தப் பொருளும், அதே வகையைச் சேர்ந்த வேற்றூர்ப் பொருளிலிருந்து தான் எதில் வேறு, மண்ணாலா காற்றாலா கைப்பக்குவத்தாலா என்று எழுதிக்காட்ட வேண்டும். பூண்டு விளைவிக்கும் பூம்பாறைக்காரர் முகர்ந்து சொல்லிவிடுவார். முகர்ந்ததைத் தாளில் ஏற்றுவது வேறு வேலை.

தாளில் ஏற்றியது படிப்பவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது கடைசிச் சிக்கல், ஒருவகையில் மிகக் கொடியதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் முனைவர் பட்டத்துக்குச் செய்த சோதனை எளிமையானது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசைமேல் விரலால் தட்டுவார். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் பிடிபட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் இசைக்குழுவே வாசிக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். தன்னைப் பற்றி எழுதுகிறவரும் அப்படித்தான். ‘அந்த மழைக்காலம் என்னை மாற்றிவிட்டது’ என்று எழுதும்போது மண்வாசனை, வீட்டு நிலைமை, அப்போது யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்குள் ஒலிக்கும். தாளில் இருப்பவை நான்கு சொற்கள்.

குரல் இல்லாதது இதை இன்னும் மோசமாக்கும். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை வாக்கியங்களைக் குரலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினார்கள். கிண்டலா, மெய்யாகச் சொன்னதா என்று பெற்றவர் சொல்ல வேண்டும். எந்த வழியில் அனுப்பினாலும் 100க்கு 78 முறை சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் 73 முறை புரிந்தது. எழுத்தில் 56. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

மேல்மலையில் மன்னவனூரிலோ கீழ்மலையில் தாண்டிக்குடியிலோ நேரில் அறிமுகம் ஆகும்போது இந்தச் சங்கடம் பெரிதாக எழுவதில்லை. ‘யாரு வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்விக்குப் பதில் ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் உறவு. மிச்சத்தைக் கேட்டவரே தமக்குத் தெரிந்ததிலிருந்து நிரப்பிக்கொள்வார். குணத்தைச் சொல்லச் சொல்லி அங்கே யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்ல ஊர் இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தையும் மாப்பிள்ளை தாமே எழுதுவது வழக்கமில்லை.

தமிழ் இலக்கண மரபு இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்கிறது. அடுத்த சூத்திரத்திலேயே விலக்கும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தம் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தம்மைப் பழித்தபோது என்று நான்கு சூழல்களில் புலவர் தம்மைப் புகழலாம். முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய வேலை விண்ணப்பம் கிடைக்கும்: அதிகாரம் உள்ள இடத்துக்கு, நம்மை அறியாதவருக்கு, எழுத்தில்.

ஆனால் பவணந்தியார் அதோடு விடவில்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தக்கவர் யார் என்றும் சொல்கிறார்: ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர். நூலை எழுதியவர் பட்டியலில் இல்லை. தொல்காப்பியத்தின் பாயிரமே பனம்பாரனார் செய்தது; அவர் தொல்காப்பியரோடு கற்றவர் என்பது மரபு. இந்த ஏற்பாட்டைப் பணிவு என்று மட்டும் படிப்பது வழக்கம். வசீரின் முடிவுகளை அருகில் வைத்தால், இது நல்ல அளவியலாகவும் தெரிகிறது. அறிவையும் திறனையும் அளக்கும் வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் கட்டுரையோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்பது இதன் இன்றைய உரு.

எழுத்தில் தன்னைச் சொல்வது எல்லாச் சமூகத்திலும் இயல்பான ஆசை என்று கொள்வதற்கும் இல்லை. பழனி மலையில் நெடுங்காலமாக வாழ்பவர்கள் பளியர்கள். வள்ளிக்கிழங்கும் தேனும் எடுத்துப் பிழைத்தவர்கள். அவர்களைப் பற்றி இயேசு சபையின் டாமென் பாதிரியார் 1908இல் ஒரு மானிடவியல் இதழில் கட்டுரை எழுதினார். 1960களில் தென் தமிழக மலையடிவாரங்களில் பளியரிடையே தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள், ஓயாமல் பேசுகிறவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஒருவருக்கு மேல் ஒருவர் தம்மை நிறுத்திக்கொள்வதைத் தவிர்க்கிறார்கள் என்று 1966இல் எழுதினார். செடி, விலங்கு பற்றிய அறிவை அவரவர் பட்டறிவாகவே வைத்துக்கொள்வதையும் குறித்தார். குறிப்பேட்டோடு வந்த வெளியூர்க்காரர் முன்னால் யாருக்கும் பேச்சு குறையத்தான் செய்யும். கார்ட்னருக்கும் ஒரு கே உண்டு. இருந்தாலும், தன்னை விளக்குவதே மரியாதைக் குறைவு என்று கருதும் வாழ்க்கைமுறை ஒன்று இருக்க முடியும் என்பதை அவர் எழுத்து காட்டுகிறது.

இன்று அவர்களும் தங்களை எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது, சாதிச் சான்றுக்கும் நில உரிமைக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இந்தப் பெயர் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று தனித்தனிப் பதிவுகளாக இருக்கிறது; விண்ணப்பம் எழுதுகிறவர் தம் மக்களின் பெயரையே எழுத்துக் கூட்டித் தேர வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கோரிக்கை வைப்பவர் படிவம் நிரப்ப வேண்டும்: பெயர், பெற்றோர் பெயர், ஊர், வட்டம், பழங்குடியா, எவ்வளவு நிலம். அதனோடு சான்றும் வேண்டும். எவையெல்லாம் சான்றாகும் என்று 2008இல் வந்த விதிகளின் 13ஆம் விதி பட்டியலிடுகிறது. அதில் அரசுப் பதிவேடுகள் உண்டு, குடிசையும் சுடுகாடும் உண்டு, வம்சாவளி உண்டு. இன்னொன்றும் உண்டு: ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம். அந்தப் பெரியவர் கோரிக்கை வைத்தவராக இருக்கக் கூடாது.